தூங்குகிறவரைத் துப்பாக்கி காக்காது

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் தொலைதூரம் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் சாலையோர ஓய்விடங்கள் பழக்கமானவை. ஒரு கழிப்பறைக் கட்டடம், குடிநீர்க் குழாய், சில மேசைகள், கார்களுக்கும் லாரிகளுக்கும் தனித்தனியே வண்டி நிறுத்துமிடம், அவ்வளவுதான். இந்த எளிய இடத்தைச் சுற்றி அங்கே நெடுநாளாக ஒரு விவாதம் நடக்கிறது. உடைக்குள் மறைத்த கைத்துப்பாக்கியோடு ஒருவர் அங்கே இறங்கி நடக்கலாமா, கூடாதா? விடை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஒஹையோ மாநிலச் சட்டம் அரசுக் கட்டடங்களுக்குள் துப்பாக்கி கொண்டுபோவதைத் தடுக்கும்போதே, கழிப்பறையாகவும் வண்டி நிறுத்துமிடமாகவும் ஓய்விடமாகவும் பயன்படும் கட்டடங்களுக்கு விலக்கு அளிக்கிறது. வட கரோலினாவும் நெடுஞ்சாலை ஓய்விடங்களைத் தன் தடைக்கு வெளியே வைத்திருக்கிறது. துப்பாக்கி உரிமைக்காகப் பேசுவோர் இத்தகைய விலக்குகளைப் பயணிகளின் பாதுகாப்பு என்கிறார்கள். எதிர்ப்போர் பயணிகளுக்கு ஆபத்து என்கிறார்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் ஒருவரின் உயிருக்குப் பொறுப்பு யார்? அரசுதான் பொறுப்பு என்பதும், துப்பாக்கியை அனுமதிப்பதாலோ தடுப்பதாலோ அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதும் என் வாதம்.

அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது முழுக்க முழுக்க அரசுதான். நிலம் அரசின் சொத்து. அங்கே கடை கூடாது என்று விதித்ததும் அரசே. 1956-இல் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கு வழிவகுத்த மத்தியச் சட்டம், சாலையை ஒட்டிய ஊர்களின் வியாபாரம் கெடக் கூடாது என்பதற்காக, அந்தச் சாலைகளின் எல்லைக்குள் பெட்ரோல் நிலையம் முதலிய வணிகங்களைத் தடுத்தது. பழைய சுங்கச் சாலைகள் சிலவற்றில் உணவகங்களோடு கூடிய நிறுத்தங்கள் தொடர்கின்றன. மற்ற இடங்களில் தானியங்கி விற்பனை இயந்திரத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. கடை இல்லாத இடத்தில் கடைக்காரரின் கண்ணும் இல்லை, வாடிக்கையாளர் நடமாட்டமும் இல்லை. பின்னிரவில் அங்கே இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறியாத, களைத்துப்போன பயணிகள். அவர்களில் பலர் விரும்பி நின்றவர்களும் அல்லர். சரக்கு லாரி ஓட்டுநர் 14 மணி நேரப் பணிப்பொழுதுக்குள் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, பிறகு 10 மணி நேரம் ஓய்ந்தே தீர வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அந்த விதி நியாயமானது. 2017-இல் மட்டும் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டியதால் நேர்ந்தவையாகக் காவல்துறையில் பதிவான விபத்துகள் சுமார் 91,000. அவற்றில் ஏறத்தாழ 800 பேர் இறந்தார்கள் என்கிறது அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம். நில், தூங்கு என்று சட்டம் போடுகிற அரசு, தூங்குகிற நேரத்துக்குக் காவலும் தரக் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தக் காவல் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1993 ஜூலையில், கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் தந்தை வட கரோலினாவில் லம்பர்ட்டனுக்கு அருகே சாலையோரம் காரை நிறுத்திவிட்டுத் தூங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், ஃபுளோரிடாவின் மான்டிசெல்லோ அருகே ஓய்விடத்தில் காரில் கண்ணயர்ந்திருந்த பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணி ஒருவரைக் கொள்ளையர்கள் சுட்டுக் கொன்றார்கள். 2009 மார்ச்சில், சரக்கை இறக்க வேண்டிய இடத்துக்கு நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட லாரி ஓட்டுநர் ஒருவர், நிறுத்த வேறு இடமில்லாமல் தென் கரோலினாவில் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தில் லாரியை நிறுத்தினார். அங்கே அவரைக் கொன்றவனுக்குக் கிடைத்தது 7 டாலர். அந்த ஓட்டுநரின் பெயரால் 2012-இல் இயற்றப்பட்ட 'ஜேசன் சட்டம்', லாரிகளுக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடம் போதுமான அளவு இருக்கிறதா என்று கணக்கெடுக்கச் சொன்னது. 2019-இல் எடுத்த கணக்கின்படி நாடு முழுவதும் லாரிகளுக்குச் சுமார் 3,13,000 இடங்கள் உண்டு. அவற்றில் அரசு ஓய்விடங்களில் இருப்பவை ஏறத்தாழ 40,000 மட்டுமே. பாதுகாப்பான இடம் கிடைக்காமல் திண்டாடியதாகச் சொன்ன ஓட்டுநர்கள் நூற்றுக்கு 98 பேர்.

இந்த நிகழ்வுகளைத்தான் துப்பாக்கி உரிமைக்காரர்கள் தங்கள் வாதத்துக்குத் துணையாகக் காட்டுகிறார்கள். அவர் கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்று கேட்கிறார்கள். கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. அந்த நிகழ்வுகளையே வைத்துப் பதில் சொல்ல வேண்டும். லம்பர்ட்டனில் கொல்லப்பட்டவர் உறக்கத்தில் இருந்தார். மான்டிசெல்லோவில் தாக்கப்பட்டவர் கண் விழித்தபோது எதிரில் ஆயுதத்தோடு ஆட்கள் நின்றார்கள். கைத்துப்பாக்கி பயன்பட வேண்டுமானால் அதை வைத்திருப்பவர் விழித்திருக்க வேண்டும். வருகிறவன் கொள்ளையனா, கழிப்பறைக்கு வழி கேட்க வருகிறவனா என்று இருட்டில் இனம் காண வேண்டும். தாக்குபவனுக்கு முன்பே ஆயுதத்தை எடுக்க வேண்டும். ஓய்வுக்காக ஓர் இடத்தில் நிற்பவருக்கு இவற்றில் முதலாவதே வாய்க்காது. மறைத்து வைத்த துப்பாக்கியைக் கொள்ளையன் பார்ப்பதும் இல்லை. ஆகவே குறிப்பிட்ட அந்தப் பயணியை விட்டு அவன் விலகிப் போகவும் காரணம் இல்லை.

இதற்கு அவர்களிடம் ஒரு மறுமொழி உண்டு. யாரிடம் ஆயுதம் இருக்கும் என்று தெரியாததாலேயே குற்றவாளி எல்லாரையும் கண்டு அஞ்சுவான் என்பார்கள். ஃபுளோரிடாவையே உதாரணமாகவும் காட்டுவார்கள்: தகுதியுள்ள எவருக்கும் துப்பாக்கி உரிமம் தர வேண்டும் என்று அந்த மாநிலம் 1987-இல் சட்டம் செய்தது, அதன்பிறகு கொள்ளையர்கள் உள்ளூர்க்காரர்களை விட்டுவிட்டு, ஆயுதம் வைத்திருக்க வாய்ப்பில்லாத சுற்றுலாப் பயணிகளைக் குறிவைத்தார்கள் என்பது அவர்கள் கணிப்பு. இதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அவர்கள் வாதம் வலுப்பெறவில்லை. ஆபத்து குறையவில்லை, ஆயுதம் இல்லாதவர் பக்கம் நகர்ந்தது என்பதுதான் இதற்குப் பொருள். எல்லாரும் வந்து நிற்கும் ஒரு பொது இடத்தின் பாதுகாப்பை இப்படி ஒருவரிடமிருந்து மற்றவர் மேல் தள்ளிவிடும் ஏற்பாட்டை எந்த அரசும் கொள்கையாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஃபுளோரிடாவும் வைத்துக்கொள்ளவில்லை. 1993 கொலைக்குப் பிறகு அந்த மாநிலம் ஓய்விடங்களில் காவலர்களை நிறுத்தியது. வாடகைக் கார்களைத் தனியே காட்டிக்கொடுத்த எண் பலகை முறையும் அந்தக் காலகட்டத்தில் கைவிடப்பட்டது. துப்பாக்கிக்கு இடம் கொடுப்பதில் முன்னோடியான ஒரு மாநிலம்கூட, ஓய்விடத்தில் உயிர் போனபோது காவலரைத்தான் அனுப்பியது.

ஆயுதம் தாங்கிய குடிமகன் உயிர்களைக் காத்த நிகழ்வே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022 ஜூலையில் இண்டியானா மாநிலத்தின் கிரீன்வுட் நகர வணிக வளாகத்தில் ஒருவன் கண்மூடித்தனமாகச் சுட்டபோது, கைத்துப்பாக்கி வைத்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் அவனைச் சுட்டு வீழ்த்தி மேலும் பலர் சாகாமல் தடுத்தார். அவருடைய துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் அது வெளிச்சமுள்ள கூடம், விழித்திருக்கும் மனிதர், யார் கொலைகாரன் என்பதில் சந்தேகமே இல்லாத சூழல். ஓய்விடக் கொள்ளையில் இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அரிது. தற்காப்புக்காகத் துப்பாக்கி எத்தனை முறை பயன்படுகிறது என்பதிலும் ஆய்வுகளுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு ஆண்டுக்கு 60,000 முதல் 70,000 முறை என்ற அளவில் சொல்ல, 1995-இல் வெளியான கிளெக், கெர்ட்ஸ் ஆய்வு 25 லட்சம் என்றது. இத்தனை தூரம் விலகி நிற்கும் மதிப்பீடுகளின் மேல் ஒரு பொது இடத்தின் பாதுகாப்பைக் கட்டி எழுப்ப முடியாது.

ஓய்விடத்தில் நிற்கும் எல்லாராலும் துப்பாக்கி வைத்திருக்க இயலும் என்ற எண்ணமும் தவறு. அமெரிக்க மத்தியச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. எச்1பி விசாவில் வேலை செய்யும் தமிழ்ப் பொறியாளருக்கும், பேரப் பிள்ளைகளைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் போயிருக்கும் அவருடைய பெற்றோருக்கும் இது பொருந்தும். நியூ ஜெர்சியிலிருந்து வட கரோலினாவுக்கோ டெக்சாஸின் ஒரு நகரிலிருந்து மற்றொன்றுக்கோ காரில் போகும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்த ஓய்விடங்களில்தான் இறங்கிச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கின்றன. சட்டம் அனுமதித்தாலும் நிறுவனம் அனுமதிக்காத லாரி ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். ஆயுதம் வேண்டாம் என்று மனச்சான்றின்படி முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிறார்கள். தற்காப்பை அவரவர் இடுப்புக்கு விட்டுவிட்டால் இவர்கள் அனைவரும் காப்பாரற்றவர்களாகிவிடுகிறார்கள். வரி கட்டும் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கிற பாதுகாப்பே பொதுப் பாதுகாப்பு.

துப்பாக்கி சுமப்போர் பெருகினால் குற்றம் குறையும் என்ற நம்பிக்கைக்கும் சான்று வலுவாக இல்லை. 1997-இல் ஜான் லாட், டேவிட் மஸ்டர்ட் இருவரும் குற்றம் குறைகிறது என்று எழுதினார்கள். 2004-இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு, கிடைத்த தரவுகளை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது என்றது. 2019-இல் ஜான் டோனஹியூவும் உடன் ஆய்வாளர்களும், துப்பாக்கி சுமப்பதை எளிதாக்கும் சட்டம் வந்து பத்தாண்டு ஆன மாநிலங்களில் வன்குற்றம் 13 முதல் 15 விழுக்காடு கூடியிருக்கிறது என்று கணித்தார்கள். பல ஆய்வுகளையும் எடை போட்ட ராண்ட் நிறுவனமும், உரிமத்தை எளிதாக்கும் சட்டங்கள் கொலைகளைக் கூட்டுகின்றன என்பதற்கு ஆதரவான சான்று இருப்பதாகச் சொல்கிறது. ஆய்வாளர்கள் சுட்டும் காரணங்களில் ஒன்று திருட்டு. 2017 முதல் 2021 வரையான ஐந்து ஆண்டுகளில் தனியாரிடமிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கும் மேல். வீட்டை விட்டு வெளியே வரும் துப்பாக்கி பல வேளைகளில் எங்கேனும் ஒரு காரில் வைத்துப் பூட்டப்படுகிறது. பூட்டிய கார்களை உடைப்பது திருடர்களுக்குப் பெரிய வேலை இல்லை.

அப்படியானால் ஓய்விடத்தில் துப்பாக்கியைத் தடை செய்துவிடலாமே என்று கேட்கலாம். இதே திருட்டுக் கணக்குதான் அந்தத் தீர்வையும் பலவீனமாக்குகிறது. ஓய்விடத்தில் சோதனை வாசல் இல்லை, உள்ளே வருவோரைப் பார்க்க ஆள் இல்லை. தடைப் பலகையைப் படித்துக் கீழ்ப்படிகிறவர், இடுப்பில் இருந்த ஆயுதத்தைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போவார். கொள்ளையடிக்க வருகிறவன் பலகையைப் படிக்கப் போவதில்லை. 2015-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இளம் பெண்ணின் உயிரைக் குடித்தது, பயிற்சி பெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவரின் காரிலிருந்து சில நாள் முன்பு திருடப்பட்ட துப்பாக்கி. அரசியல் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2022-இல் ப்ரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளியிடத்தில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி சுமப்பது உரிமை என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்டமன்றம், வாக்குச்சாவடி, நீதிமன்றம் போன்ற உணர்திறன் மிக்க இடங்களில் தடை செல்லும் என்ற அதே தீர்ப்பு, கூட்டம் இருக்கிறது, காவல்துறை இருக்கிறது என்பதற்காக மன்ஹாட்டன் தீவு முழுவதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றும் சொன்னது. காவலரே இல்லாத ஓர் ஓய்விடத்தை அந்தப் பட்டியலில் சேர்ப்பது இன்னும் கடினம். ஆகவே ஒஹையோவின் விலக்கு நடைமுறை அறிவோடு எழுதப்பட்டது என்றே கருதுகிறேன். ஆனால் விலக்கு அளித்ததோடு வேலை முடிந்தது என்று ஒரு மாநிலம் கைகழுவினால், அங்கேதான் தவறு தொடங்குகிறது.

இந்த இடத்தில் மிக வலுவான மறுப்பு ஒன்று வரும். அரசு காக்கும் என்று நம்பி உட்கார முடியுமா? நாட்டுப்புறச் சாலையில் காவல் வண்டி வந்து சேர நெடுநேரம் ஆகும். போதாததற்கு, 1989-இல் டிஷேனி வழக்கிலும் 2005-இல் காசில் ராக் வழக்கிலும், தனியாரின் வன்முறையிலிருந்து ஒவ்வொரு குடிமகனையும் காக்கும் கடமையை அரசியல் சட்டம் அரசின் மேல் சுமத்தவில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்புகளைப் படித்த ஒருவர் ஆயுதம் தேடுவதில் வியப்பில்லை. ஆனால் நீதிமன்றம் சொன்னது அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான். கடமையை ஏற்கக் கூடாது என்று சட்டமன்றங்களின் கையை அது கட்டவில்லை. ஓய்விடத்தைப் பொறுத்தவரை அந்தக் கடமையை ஏற்பதற்கான நியாயம் மற்ற இடங்களைவிட அதிகம். நிலம் அரசுடையது, வணிகத்தைத் தடுத்தது அரசு, ஓட்டுநரை நிற்கச் சொல்வதும் அரசு. காவல் வண்டி தொலைவில் இருக்கிறது என்பது காவலைக் கிட்டே கொண்டுவர வேண்டும் என்பதற்கான வாதம். இரவு முழுவதும் ஒரு காவலர், நிழல் விழாத விளக்கு, நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்து நின்று போகும் ஒழுங்கு ஆகியவை தூங்குகிறவரையும் காக்கும், விழித்திருப்பவரையும் காக்கும், விசாவில் வந்தவரையும் காக்கும்.

பணத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. பொருளாதார நெருக்கடி வந்தபோது மாநிலங்கள் முதலில் கைவைத்தவற்றில் ஓய்விடங்களும் உண்டு. வர்ஜீனியா 2009-இல் தன் 42 ஓய்விடங்களில் 19-ஐ மூடியது. அரிசோனாவும் அதே ஆண்டு பலவற்றை மூடியது. வர்ஜீனியாவில் எழுந்த எதிர்ப்பு வலுவாக இருந்ததால், அடுத்த ஆண்டே புதிய ஆளுநர் பாப் மெக்டானல் அவற்றைத் திறக்க வைத்தார். மக்கள் அந்த இடங்களை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு இதுவே சான்று. துப்பாக்கி சுமக்கலாம் என்று சட்டப் புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கக் காசு செலவாகாது. காவலர் வைக்கச் செலவாகும். செலவில்லாத வரி காவலுக்கு மாற்றாகக் காட்டப்படுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

துப்பாக்கியோடு பயணிப்பவருக்கும் இன்றைய நிலை நியாயமாக இல்லை. அதையும் சொல்ல வேண்டும். 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமமே வேண்டியதில்லை. பக்கத்து மாநிலத்தில் அதே செயல் சிறைக்குரிய குற்றமாக இருக்கலாம். 2013-இல் பென்சில்வேனியா உரிமம் பெற்ற ஒரு தாய், நியூ ஜெர்சிக்குள் வண்டியை நிறுத்திய காவலரிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். பல ஆண்டுச் சிறைத் தண்டனையை எதிர்நோக்க நேர்ந்த அவருக்கு 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். துப்பாக்கியில் தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாதபடி டிக்கியில் பூட்டி எடுத்துச் சென்றால் மாநிலங்களைக் கடந்து போகலாம் என்கிறது 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். ஆனால் நெவார்க்கில் விமானத்தைத் தவறவிட்டுப் பெட்டியோடு ஓட்டலில் ஓர் இரவு தங்க நேர்ந்த பயணிக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதற்கு மருந்தாக, ஒரு மாநிலத்தின் அனுமதியை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதாவை 2017-இல் மக்களவை நிறைவேற்றியது, செனட்டைத் தாண்டவில்லை. தாண்டாததே நல்லது. பயிற்சியும் உரிமமும் கேட்காத மாநிலத்தின் அளவுகோல் நாடு முழுவதற்கும் அளவுகோலாகியிருக்கும். 1986 சட்டத்தைத் திருத்தி, வழியில் ஓய்விடத்தில் நிற்பதும் ஓர் இரவு தங்குவதும் பயணத்தின் பகுதியே என்று தெளிவாக எழுதினால் போதும். சட்டத்தை மதித்துப் பூட்டி எடுத்துச் செல்பவர் சிறைக்கு அஞ்சித் தூக்கத்தோடு வண்டி ஓட்ட வேண்டியிராது.

ஆக, செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. துப்பாக்கி சுமப்போருக்குப் பயிற்சியோடு கூடிய உரிமத்தை மாநிலங்கள் திரும்பக் கொண்டுவர வேண்டும்; உரிமம் கேட்பதை ப்ரூயன் தீர்ப்பு தடுக்கவில்லை. கடந்து போகும் பயணிக்கான மத்தியப் பாதுகாப்பு ஓய்விடத்தையும் உள்ளடக்க வேண்டும். லாரி நிறுத்துமிடங்களைப் பெருக்க மத்திய அரசு நிதி ஒதுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபுளோரிடா ஓர் உயிரைப் பறிகொடுத்த பிறகு செய்ததை மற்ற மாநிலங்கள் உயிர் போகும் முன்பே செய்ய வேண்டும். ஒவ்வோர் ஓய்விடத்திலும் இரவுக் காவல் இருக்க வேண்டும். துப்பாக்கியை அனுமதித்த மாநிலமும் தடுத்த மாநிலமும் இதில் ஒரே அளவுக்குக் கடன்பட்டவை. சாலை போடுவதும் வேக வரம்பு விதிப்பதும் ஓட்டுநரை ஓய்வெடுக்கச் சொல்வதும் அரசின் வேலை என்றால், அவர் தூங்கி எழுந்து உயிரோடு புறப்படுவதை உறுதி செய்வதும் அதே வேலையின் பகுதிதான்.